ஒன்றும் சாகாத தொட்டி

வள்ளிநாயகி அத்தை குனிந்து மீன்தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிய வேகத்தில் சுவிட்ச் பலகையே சுவரைவிட்டுக் கொஞ்சம் எழும்பி வந்தது. ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் அந்த ஓட்டையில் தன் ஒயரைச் செருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. தொட்டிக்குக் கீழே, பழைய பெயிண்ட் வாளிக்குள், நாலு மாதமாக ராப்பகல் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அது நின்றது கவிப்பிரியாவுக்கு மட்டும்தான் கேட்டது.

"அத்தே, அத புடுங்காதீங்க. வேற எங்கனா ஒயர் இழுத்துக்கலாம்."

"இன்னாடி?"

"ஃபில்டரு அது. நிக்கக்கூடாது."

அத்தை இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மீனுக்குக் கரண்டு வோணுமாம். பெத்தவ நாறட்டுமாம். கேட்டுக்கோங்க, வூட்டுக்கே மொத டிகிரி சொல்லுது."

"ஜங்ஷன் பாக்ஸ்ல குடுத்தா தாங்காதுமா, சுவத்துலதான் குடுக்கணும்" என்று ஐஸ் பெட்டி ஆள் தன்மேல் தகராறு விழாதபடி சொல்லிவிட்டு நழுவினான்.

அத்தை அதோடு விடவில்லை. கொடியில் கிடந்த பழைய புடவை ஒன்றை உருவித் தொட்டியின் மேல் போட்டு நாலு பக்கமும் இழுத்து மூடினாள். "சாவு வூட்ல இன்னா கண்காட்சி வேண்டிக்கெடக்குது."

ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அம்மா கிடந்தாள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒற்றை ரூபாய். ஒன்றரை வருஷமாக வீங்கியே கிடந்த முகம், செத்த பிறகு வடிந்து பழைய அழகுக்கு வந்திருந்தது. கவிப்பிரியாவின் நைனா, அத்தையின் தம்பி ராஜகோபால், பெண்டாட்டியின் தலைமாட்டில் உட்காரவில்லை. மூடிய தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அம்மா வரலட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ரத்தத்தை வெளியே எடுத்து, சலித்து, திருப்பி உள்ளே விட்டு அனுப்புவார்கள். சனிக்கிழமை போகவேண்டியது. "உடம்பு அசதியா கீது, திங்கக்கெழமை போய்க்கலாம்" என்றாள். திங்கட்கிழமை விடியற்காலையில் செத்துப்போனாள்.

அந்தத் தொட்டி தை மாதம் வீட்டுக்கு வந்தது. ஸ்டேஷன் பக்கம் மீன்கடை வைத்திருக்கும் தணிகைவேல்தான் நைனாவிடம் சொன்னான். "வாஸ்து மீனுண்ணா. எட்டு செவப்பு, ஒரு கறுப்பு. வூட்ல யாருக்குக் கண்டம் வந்தாலும் கறுப்பு அத வாங்கிக்கும். அது செத்துச்சின்னா கண்டம் கழிஞ்சிச்சின்னு அர்த்தம்." இப்படி ஒரு வியாபாரம் வேறு எந்தத் தொழிலிலும் கிடையாது. விற்ற சரக்கு செத்தால், வாங்கினவன் சிரித்துக்கொண்டே வந்து இன்னொன்று கேட்பான்.

மூன்றடி நீளம், நூற்றைம்பது லிட்டர். கொப்புளம் விடுகிற காற்று மோட்டார் ஒன்று. காலையில் போர் தண்ணீரை ஊற்றி, சாயங்காலமே ஒன்பது தங்கமீனையும் விட்டார் நைனா. கை நிறைய இரை போட்டார். நாலாம் நாள் கறுப்பு மீன் மல்லாந்தது. அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு இட்லி தின்றாள். போதாதா? பவர்லூம் ஷெட்டில் தறி போடுகிற இரைச்சலைத் தாண்டி எல்லோரிடமும் கத்திச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. மீன் செத்ததும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலுக்குப் போவார். "வரா, போச்சி பாத்தியா. நீ இருக்குற." அம்மா மீனைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், சிரிப்பாள். அவர் அதைக் கொண்டுபோய் முச்சந்தியில் போட்டுவிட்டு, கைகழுவி, தணிகைவேல் கடைக்குக் கிளம்புவார். பங்குனி முடிவதற்குள் ஏழு கறுப்பு போயிருந்தது. சிவப்புக்குக் கணக்கே இல்லை.

கவிப்பிரியா அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். செத்த மீன் யாருடைய கண்டத்தையும் வாங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். புதுத் தொட்டியில் மீன் பேளுகிற அழுக்கைத் தின்பதற்குக் கிருமி இருக்காது. அழுக்கு அமோனியாவாகித் தண்ணீரிலேயே நிற்கும். அதுங்கள் தங்கள் மூத்திரத்திலேயே வெந்து செத்துக்கொண்டிருந்தன. அம்மாவின் ரத்தத்தில் ஏறுகிற விஷத்துக்கு அது பங்காளி. இதை அவள் நைனாவிடம் இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை தட்டை விசிறியடித்தார். "உங்கம்மா பொழச்சிகினு கீறது உனக்குப் பொறுக்கலயா?"

சித்திரை மத்தியானம் ஒன்றில்தான் அம்மா கேட்டாள். டாக்டர் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று சொல்லியிருந்தார். அந்தப் பாட்டிலில் நைனா பேனாவால் ஆறு கோடு போட்டுவைப்பார். வேளைக்கு ஒரு கோடு. கோடு தாண்டினால் கத்துவார். எதிரே நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் வெளிச்சம் போட்டு நின்றது. அம்மா ஒருக்களித்துப் படுத்து, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்ரியா, அது ஏன்டி வாயப் பொளந்துகினு மேலயே நிக்குது?"

"மூச்சு முட்டுதும்மா. தண்ணி கெட்டுப்போச்சி."

"எனக்கு ஆஸ்பத்திரி நாளு வர்றதுக்குள்ள ஆவுதே, அந்த மாதிரியா?"

"ஆங்."

அம்மா மறுபடி தொட்டியைப் பார்த்தாள். அப்புறம், "நீ இதத்தான படிச்ச? சாவாத மாதிரி பண்ண முடியாதா?"

"முடியும். நைனா வுடமாட்டாரு."

"அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒன்னுகூட சாவக்கூடாது. ஆவுமா?"

"ஆவும்மா."

அதைச் சொன்னபோது இருந்த தெம்பு பட்டம் வாங்கின அன்றைக்குக்கூட அவளுக்கு இல்லை. அந்த வீட்டில் தன் பக்கம் நிற்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

மறுநாளே அம்மாவின் கட்டிலில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மொத்தத் தண்ணீரும் மணிக்கு நாலு தடவை சுற்றி வரவேண்டும், அதற்கு அறுநூறு லிட்டர் தள்ளுகிற மோட்டார். காலியான இருபது லிட்டர் பெயிண்ட் வாளி. அதற்குள் முதலில் பெரிய கண் ஸ்பாஞ்சு, அப்புறம் பொடிக்கண் ஸ்பாஞ்சு, கடைசியில் கே.ஜி.கண்டிகை சூளையிலிருந்து பொறுக்கிவந்த செங்கல் சில்லு. அம்மா படுத்தபடியே ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டிக் கொடுத்தாள். மூன்று வெட்டுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினாள்.

"செங்கல்லு இன்னாத்துக்கு? மீனு வூடு கட்டப்போவுதா?"

"கிருமி குடியிருக்கும்மா. நல்ல கிருமி. மீனு போற மூத்திரத்த அது தின்னுடும்."

"எனக்குள்ள இந்த மாதிரி ஒரு வாளி வச்சி வுட்டா தேவலாம்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரித்தால் இருமல் வரும். வந்தது.

மிச்சமிருந்த தங்கமீன்களைத் தணிகைவேலிடமே திருப்பிக் கொடுத்தாள். அதுங்கள் செடியைப் பிடுங்கும், ஒவ்வொன்றும் பத்து மீனின் அழுக்கைப் போடும். தொட்டியின் அடியில் மண், மேலே ஆற்றுக் கூழாங்கல். ஏரியிலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து அலசிப் பின்பக்கம் அடர்த்தியாக நட்டாள். பிறகு ஒரு மாதம் மீனே விடவில்லை. தினம் ஒரு சிட்டிகை இரையை வெறும் தண்ணீரில் போட்டு அழுகவிட்டாள். அந்த அழுகலைத் தின்னத்தான் கிருமி வரும். வாரம் ஒரு தடவை குப்பியில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பாள். பச்சையாக இருந்தால் விஷம் இருக்கிறது. மஞ்சளானால் மீன் விடலாம்.

"மீனே இல்லாத தொட்டிக்குச் சோறு போடறா பாரு" என்று தெருவே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. கண்டத்தை வாங்கிக்கொள்ள வீட்டில் ஓர் உயிர் இல்லாத மாதம் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தார். "இருக்கட்டுங்க, பொண்ணு ஆசப்படுது" என்று அம்மா அவரிடம் சொன்னது கவிப்பிரியா காதில் விழுந்தது. இதைக் கேட்டதே தான்தான் என்று அம்மா ஏன் சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சமாளிக்கிறாள் என்று விட்டுவிட்டாள்.

"எத்தினி மீனு வுடலாம்?" என்று அம்மா கேட்டாள்.

"பதினஞ்சு வரைக்கும் தாங்கும். ஒம்போதோட நிறுத்திக்கலாம். எட்டு ஜீப்ரா, சின்னது, கெட்டி உசுரு. ஒன்னு கறுப்பு மோலி. நம்ம போர் தண்ணி உப்புக்கு அது நல்லா நிக்கும்."

"கறுப்பு கண்டிப்பா போட்டுடு. இல்லன்னா உங்க நைனா ஒத்துக்கமாட்டாரு."

குப்பி மஞ்சளான பிறகு முதலில் நாலு, பத்து நாள் கழித்து நாலு. கடைசியாக ஆனி மாதம் பிறந்ததும் மோலி. ஜீப்ராவின் உடம்பில் ஓடுகிற கோடுகளைப் பார்த்துவிட்டு, "தறியில பாவு ஓட்டின மாதிரியே கீதுடி" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு எழுபத்தொன்பது நாள் ஒன்றும் சாகவில்லை. பாசி தழைத்து மேலே வந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்தது. நைனா தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து கறுப்பு மீனை முறைத்துப் பார்ப்பார். ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் அரை டப்பா இரையைத் தொட்டியில் கொட்டினார். ஃபில்டர் அதையும் தின்றது.

சாவு வீட்டில் மத்தியானம் ஒரு மணி ஆனது. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஜனம் வந்துகொண்டேயிருந்தது. வருகிற ஒவ்வொருத்திக்கும் அத்தை கதையை முதலிலிருந்து சொன்னாள். "மூணு மாசம் மீனு போச்சி, அவ நின்னா. இது போயி மிஷினு வச்சி மீன நிறுத்திச்சி. அவ போயிட்டா." கேட்டவள் எல்லாம் ஒப்பாரிக்கு நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவிப்பிரியாவை ஒரு பார்வை பார்த்தாள்.

கவிப்பிரியா புடவையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இருட்டில் பாசியும் மூச்சு விடும். இருக்கிற காற்றை அதுவும் குடித்துவிடும். ஒன்பதும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து திருப்பி ஊற்றினாள். காற்று கலக்கட்டும் என்று.

நைனா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வுடு."

"மூச்சு முட்டுது நைனா அதுங்களுக்கு."

"வுடுன்னு சொன்னேன். ஒன்னாவது போவட்டும்."

"இப்ப போயி இன்னா ஆவப்போவுது?"

"நேத்து போயிருந்தா அவ இருந்திருப்பா." குரலை உயர்த்தவில்லை. விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "ஒம்போதயும் நல்லா வாழ வச்சடி. ஒம்போதயும்."

"கிட்னி போயி செத்தாங்க. மீனால இல்ல."

"ஆங். படிச்சவ சொல்ற."

அவர் பிடியை விட்டதும் கையில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். பறை தெருமுனை திரும்பும்வரை பெண்கள் கூடப் போய்விட்டுத் திரும்பினார்கள். ஐஸ் பெட்டியை ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனான். அத்தை முந்தானையை இடுப்பில் செருகினாள். பொணம் கிடந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. குடம், அண்டா, பாத்ரூம் டிரம் எல்லாவற்றையும் வாசலில் கவிழ்த்தார்கள். அம்மாவின் அரை லிட்டர் பாட்டிலில் இரண்டு கோடு மிச்சம் இருந்தது. அதையும் யாரோ கவிழ்த்தார்கள்.

"தொட்டியையும் எறைங்கடி."

கவிப்பிரியா தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "அத்தே, இது அம்மா கேட்டது. ஒன்னுகூட சாவக்கூடாதுன்னு அம்மாதான் எங்கிட்ட சொன்னாங்க. உங்களுக்கும் நைனாவுக்கும்தான் இந்தக் கண்டம் கதையெல்லாம். அம்மா அத நம்பல."

அத்தை கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது.

"நம்பலயா? அடி பைத்தியம், நம்பினதாலதான்டி உங்கிட்ட கேட்டா."

கவிப்பிரியா தொட்டியை விட்டு நகரவில்லை.

"ஆடிக்கிருத்திகைக்கு நான் மலைக்கோயிலுக்கு வந்தப்போ இந்தக் கட்டில்ல படுத்துகினு சொன்னா. 'அண்ணி, இனிமே ஒன்னும் சாவாது. பொண்ணு நல்லா பண்ணிட்டா. இவரு ஒவ்வொரு மீனா போட்டு என்ன இழுத்துப் புடிச்சிகினே கீறாரு. வாய்க்குத் தண்ணி குடுக்காம, ஊசில குத்தி குத்தி, எத்தினி நாளைக்கு அண்ணி? இனிமே வுட்டுடுவாரு'ன்னா. நான் வாய்லயே அடிச்சேன், அப்பிடி பேசாதன்னு." அத்தை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "உன்ன வச்சே வேலய முடிச்சிகினா. உனக்கு அது கூட தெரில. இன்னா படிச்சியோ."

எழுபத்தொன்பது நாளும் அம்மா கண் விழித்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஒன்று கேட்பாள். 'ஒம்போதும் கீதா?' 'இருக்குதும்மா' என்பாள் கவிப்பிரியா. அம்மா ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். சனிக்கிழமையும் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகாத அந்தச் சனிக்கிழமை.

அத்தை தொட்டியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "என்னமோ பண்ணித் தொல" என்று குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சுவரில் ஓட்டை காலியாக இருந்தது. பிளக் தரையில் கிடந்தது. கவிப்பிரியா அதைக் கையில் எடுத்தாள். காலையிலிருந்து ஓட்டமில்லாமல் நின்ற வாளிக்குள் கிருமிகள் மூச்சில்லாமல் செத்து அழுகத் தொடங்கியிருக்கும். இப்படியே செருகினால் அந்த அழுகல் நேராகத் தொட்டிக்குள் போகும். ஒரு மணி நேரம் போதும். ஒன்பதும் மல்லாந்துவிடும். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இந்த வீட்டில் அதற்குச் சந்தோஷப்பட மட்டும்தான் ஆள் இருந்தது.

பிளக்கைச் செருகுகிற ஓட்டைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ. வாசலில் விளக்குமாற்றுச் சத்தம் ஓய்ந்தது. கீழே வைத்துவிட்டு, வாளியின் குழாய்களைக் கழற்றினாள்.

சாக்கடையோரம் உட்கார்ந்து மூடியைத் திறந்தபோது முட்டை நாற்றம் வந்தது. கறுப்புத் தண்ணீரைக் கொட்டினாள். தெருவில் இறைந்துகிடந்த சாமந்திப் பூவையும் பொரியையும் நனைத்துக்கொண்டு அது ஓடியது. எதிர்வீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பெற்றவளுக்கு இன்னும் கொள்ளி வைத்து முடிந்திருக்காது, மீன் பீயைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கட்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் மிச்சக் கிருமியும் போய்விடும். தொட்டித் தண்ணீரையே வேறொரு வாளியில் மொண்டுவந்து ஒவ்வொரு ஸ்பாஞ்சாகப் பிழிந்தாள். அம்மா வெட்டின வட்டம் எதுவும் வட்டமாக இல்லை. செங்கல் சில்லை அலசினாள். மறுபடி அடுக்கினாள். குழாயை மாட்டினாள். பிளக்கைச் செருகினாள். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. புடவையை இழுத்துக் கீழே போட்டாள்.

ஆண்கள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தலை முழுகின ஈரம் சொட்டச் சொட்ட நைனா உள்ளே வந்தார். அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. "வெளக்கப் பாருடா மொதல்ல" என்றாள் அத்தை. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய் எதிரே மண்டி போட்டார். விரலைக் கண்ணாடியில் வைத்து எண்ண ஆரம்பித்தார். ஜீப்ரா ஓர் இடத்தில் நிற்கிற மீன் இல்லை. இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாம் தடவை எண்ணி முடித்தார்.

"எட்டு."

மறுபடி எண்ணினார்.

"எட்டுதான்டி கீது. கறுப்பக் காணோம்."

கவிப்பிரியா தொட்டியின் பக்கவாட்டில் நின்றிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், பின்பக்கத்துப் பாசிக்கு உள்ளே ஒரு கறுப்பு வால் ஆடுவது தெரிந்தது.

"போயிடுச்சி" என்றார் நைனா. உதடு கோணியது. "அக்கா, போயிடுச்சி. அவகூடவே போயிடுச்சி பாரு. துணைக்குப் போயிடுச்சி." ஈர நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, காலையிலிருந்து அழாத மனுஷன் அழத் தொடங்கினார். தோள் இரண்டும் குலுங்கின. அத்தை ஓடிவந்து அவர் முதுகைத் தடவினாள். "அழுடா. அழுது தீத்துடு. எல்லாம் கழிஞ்சிடுச்சி." அவர் தலையை ஆட்டினார். அழுகைக்கு நடுவில் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டு வந்தது.

கவிப்பிரியா அது நன்றாக இளகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு குனிந்து, பின்பக்கக் கண்ணாடியை நகத்தால் இரண்டு தடவை தட்டினாள்.

இரை போடுகிறார்கள் என்று நினைத்து, கறுப்பு மீன் பாசியை விலக்கிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றது.